மரச்சில்லு இயந்திரம்

வெட்டிய கிளைகளையும் சிறு தண்டுகளையும் சுழலும் கத்திகளால் அரிந்து, சில்லுகளாக்கி, காற்றோடு சேர்த்து வெளியே வீசும் இயந்திரம். மரப்பணியாளரிடையே சிப்பர் என்ற பெயரே வழக்கில் உள்ளது. காகித ஆலையில் நிலையாக நிறுத்தப்படும் பெரும் சிப்பரும், வீட்டுத் தோட்டத்துச் சிறு தூளாக்கியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. லாரிக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டு, தெருவோர மரங்களையும் மின்தடக் கிளைகளையும் கழிக்கும் இடத்தில் நின்று வேலை செய்யும் நடுத்தரச் சிப்பரே இக்கட்டுரையின் பொருள். கிளைகளை அப்படியே ஏற்றும் லாரி பெரும்பாலும் காற்றையே சுமக்கிறது. சில்லாக்கி ஏற்றினால் அதே லாரி பல மடங்கு மரத்தைக் கொள்ளும். மரப்பணி நிறுவனங்கள் சங்கிலி ரம்பத்துக்கு அடுத்தபடியாக இந்த இயந்திரத்தில் முதலீடு செய்வதற்கு இதுவே காரணம்.

தோற்றமும் வளர்ச்சியும்

சிப்பர் முதலில் காகிதத்துக்காகப் பிறந்தது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் காட்லோப் கெல்லர் 1844ஆம் ஆண்டையொட்டி மரக்கட்டையைச் சுழலும் கல்லில் அழுத்தித் தேய்த்துக் கூழாக்கும் முறையை உருவாக்கினார். அதற்குச் சில்லு தேவைப்படவில்லை. கட்டை கட்டையாகவே கல்லுக்குப் போயிற்று. மரத்தை ரசாயனத்தில் வேகவைக்கும் முறைகள் வந்த பின்னர் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் சார்லஸ் வாட், ஹியூ பர்ஜெஸ் இருவரும் 1850களின் தொடக்கத்தில் சோடா முறையைக் கண்டனர். அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1867இல் சல்ஃபைட் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கார்ல் டேனியல் எக்மன் 1874இல் ஸ்வீடனின் பெர்க்விக்கில் சல்ஃபைட் ஆலையை ஓட்டிக் காட்டினார். இந்த முறைகளில் ரசாயனம் நார் வரைக்கும் ஊறியாக வேண்டும். தடித்த சில்லு நடுவில் வேகாமல் நிற்கும். தூள் அளவுக்கு மீறி வெந்து வீணாகும். ஒரே நீளமும் ஒரே கனமும் கொண்ட சில்லு வேண்டியிருந்ததால், கனத்த எஃகுத் தட்டில் கத்தி பதித்துச் சுழற்றி, சாய்வான சரிவு வழியே கட்டையை அதன்மேல் இறக்கும் இயந்திரங்கள் ஆலைகளுக்குள் வந்தன. இன்றைய சிப்பரின் கத்திக் கோணம், கத்தி வெளிநீட்டம், நிலைக்கத்தி இடைவெளி ஆகிய கணக்குகள் யாவும் அங்கிருந்து வந்தவையே.

ஆலைக்கு வெளியே இதைக் கொண்டுவந்தவராகப் பெரும்பாலான குறிப்புகள் பீட்டர் யென்சனை முதலில் வைக்கின்றன. டென்மார்க் எல்லையை ஒட்டிய ஜெர்மானியச் சிற்றூரான மாஸ்பியூலில் இருந்த அவருடைய பட்டறையிலிருந்து 1884இல் இந்த இயந்திரம் வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அவர் நிறுவனம் உள்ளாட்சிப் பணிகளுக்கும் மரவேலைக்குமான கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்தது. செய்பவரும் பழுதுபார்ப்பவரும் ஒரே பட்டறையில் இருந்தது இந்த இயந்திரத்துக்கு நல்லூழ்.

அமெரிக்காவில் இதன் பெருக்கத்துக்கு மின்கம்பியும் ஒரு மரநோயும் காரணமாயின. மின்தடத்தை ஒட்டிய மரங்களைக் கழிப்பதையே தொழிலாகக் கொண்டு ஆஸ்ப்ளண்ட் சகோதரர்கள் 1928இல் பென்சில்வேனியாவில் நிறுவனம் தொடங்கினர். டச்சு எல்ம் நோய் 1930இல் ஓஹாயோவில் கண்டறியப்பட்டது. அமெரிக்க நகரங்களின் தெருநிழல் அன்று பெருமளவு எல்ம் மரங்களையே நம்பியிருந்தது. நோயைச் சுமக்கும் பட்டை வண்டு, சாகும் நிலையிலுள்ள எல்மின் பட்டைக்கடியில் முட்டையிடும். வெட்டிப் போட்ட கட்டையே அடுத்த தலைமுறை வண்டுக்கு வீடாகும். ஆகவே வெட்டிய மரத்தைப் பட்டையோடு அழித்தாக வேண்டியிருந்தது. எரித்தார்கள், புதைத்தார்கள். சில்லாக்கிவிட்டால் பட்டை உலர்ந்து வண்டு வளர இடமில்லாமல் போகும் என்பதால் சிப்பரின் மதிப்பு உயர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாலையில் இழுத்துச் செல்லும் சிப்பர்கள் பெருகின. மாசசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க், மிச்சிகனின் மிட்ஸ் அண்ட் மெரில் ஆகியவை அக்காலத்து மரப்பணியாளர் நன்கறிந்த பெயர்கள். ஆஸ்ப்ளண்ட் நிறுவனமும் சொந்தமாகச் சிப்பர் செய்து விற்றது. அவற்றுள் பெரும்பாலானவை சிறு விட்டமுள்ள உருளையில் கத்தி பதித்து மிக வேகமாகச் சுழற்றப்பட்டவை. கிளையைப் பிடித்து இழுக்கும் உருளைகள் அவற்றில் இல்லை. கத்தியே கிளையைக் கவ்வி உள்ளே இழுக்கும். வாயில் கிளையை வைத்த கணத்தில் அது கையிலிருந்து பறிபோகும். அதன் வால் பக்கவாட்டில் சாட்டையாக வீசும். எறிந்துவிட்டுக் குனிந்துகொள்ளும் இயந்திரம் என்று வேலையாட்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் இன்றும் வழங்குகிறது. மிக உழைப்பாளியான இயந்திரம். ஆனால் மனிதருக்கு அருகில் நிற்கத் தகுதியற்றது.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து பல மாநிலங்களும் ஊராட்சிகளும் திறந்தவெளியில் தழை எரிப்பதைக் கட்டுப்படுத்தியதும் சிப்பருக்கு மாற்று இல்லாமல் போயிற்று. மிச்சிகனின் வின் ஊரில் 1957இல் நார்வல் மோரி தொடங்கிய மோர்பார்க் நிறுவனம் பட்டை உரிக்கும் இயந்திரத்தில் ஆரம்பித்து, 1970களில் முழு மரத்தையே காட்டுக்குள் வைத்துச் சில்லாக்கும் பெருஞ்சிப்பருக்கு வந்துசேர்ந்தது. அதே மாநிலத்தில் மைக் மோரி 1983இல் தொடங்கிய பாண்டிட் நிறுவனம், ஹைட்ராலிக் உருளைகளால் கிளையைப் பிடித்து அளவான வேகத்தில் உள்ளே தள்ளும் தட்டுச் சிப்பரை மரப்பணியாளருக்குக் கொடுத்தது. உள்ளிழுக்கும் வேகத்தைக் கத்தியிடமிருந்து பிரித்து உருளையிடம் ஒப்படைத்ததுதான் இத்துறையில் நிகழ்ந்த பெரிய மாற்றம். நிறுத்தவும் பின்னோக்கித் திருப்பவும் கூடிய இயந்திரம் அதன் பிறகே மரப்பணியாளர் கைக்கு வந்தது.

வகைகள்

தட்டுச் சிப்பரில் கனத்த எஃகுத் தட்டின் முகத்தில் இரண்டு முதல் நான்கு கத்திகள் பதிந்திருக்கும். வாழைக்காய் சீவும் கட்டையை வட்டமாகச் சுழலவிட்டது போன்ற அமைப்பு. தட்டின் விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள இறக்கைகள் காற்றை உந்திச் சில்லை வெளியேற்றுக் குழலில் தள்ளும். கத்தி எப்போதும் மரத்தை ஒரே கோணத்தில் சந்திப்பதால் சில்லு சீராக விழும். தட்டின் கனமே சக்தியைச் சேமித்து வைக்கும்.

உருளைச் சிப்பரில் கத்திகள் உருளையின் மேற்பரப்பில் இருக்கும். கிளையின் கனத்தைப் பொறுத்து வெட்டுக் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் சில்லு சீர்குறைந்தே வரும். அகன்ற வாய், கொத்துக்கொத்தான தழையைச் சேர்த்து விழுங்கும் வசதி ஆகியவை இதன் பலம். இன்றைய உருளைச் சிப்பர்கள் பழையவற்றைவிட விட்டத்தில் பெரியவை, மெதுவாகச் சுழல்பவை, இழுப்பு உருளைகளும் கொண்டவை. ஆயினும் நகரத்து மரப்பணிக்குத் தட்டுச் சிப்பரே ஏற்றது. பழுதுபார்க்கவும் அதுவே எளிது.

மூன்றாவதாகத் திருகுச் சிப்பர். கூம்பு வடிவத் திருகின் விளிம்பே வெட்டும். ஐரோப்பாவில் விறகுச் சில்லுக்குச் சில இடங்களில் பயன்படுகிறது.

கத்தியும் நிலைக்கத்தியும்

சிப்பரை விற்பவர் குதிரைத்திறனைப் பேசுவார். ஆனால் இயந்திரத்தின் ஆயுளும் எரிபொருள் செலவும் சுழலும் கத்திக்கும், அது உரசாமல் கடந்துபோகும் நிலைக்கத்திக்கும் இடையிலுள்ள ஓரிரு மில்லிமீட்டரில்தான் அடங்கியுள்ளன. கத்தரிக்கோலின் இரண்டாவது அலகு நிலைக்கத்தியே. அதன் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால், நேற்றுத் தீட்டிய கத்தியும் இன்று மரத்தை வெட்டாது. இடைவெளிக்குள் மடித்து இழுக்கும். பல நிலைக்கத்திகளுக்குப் பயன்படுத்தத்தக்க விளிம்புகள் இரண்டோ நான்கோ உண்டு. ஒன்று தேய்ந்தால் திருப்பிப் போடலாம். இடைவெளி இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கையேட்டில் சொன்ன அளவை இடைவெளி அளவி கொண்டு ஒவ்வொரு கத்திக்கும் தனித்தனியே, கத்தியின் இரு முனைகளிலும் பார்க்க வேண்டும்.

கூர் போனதை இயந்திரம் பல வழிகளில் சொல்லும். சில்லைக் கையில் அள்ளிப் பார்த்தால் நறுக்கென வெட்டுப்பட்ட முகங்களுக்குப் பதில் பிசிரும் நாரும் தொங்கும், தூள் கூடியிருக்கும். வெளியேற்றுக் குழல் அடிக்கடி அடைக்கும். உருளைகள் தள்ளியும் கிளை துள்ளித் துள்ளிப் பின்வாங்கும். எஞ்சின் சுற்று விழுந்து, தானியங்கிக் கட்டுப்பாடு உருளைகளை அடிக்கடி நிறுத்தும். மழுங்கிய கத்தியோடு ஓட்டுபவர் டீசலை மட்டும் இழப்பதில்லை. அந்த அதிர்ச்சி பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் சட்டத்தின் வெல்டிங்குக்கும் போய்ச் சேருகிறது. பிறகு வரும் பெரும் பழுதுகளில் கணிசமானவை இங்கே விதைக்கப்பட்டவை. சுத்தமான மரத்தில் பல நாள் நிற்கும் கூர், மண் ஒட்டிய ஒரே வேர்க்கட்டையில் சில நிமிடங்களில் போய்விடும். துடைப்பத்தால் கூட்டிய குப்பையைச் சிப்பரில் போடுவது கத்தியைக் கல்லில் உரசுவதற்குச் சமம்.

கத்தி மாற்றும் முறையில் ஒழுங்கு முக்கியம். எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தட்டு முழுதும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் ஓய்ந்த பின்னும் தட்டு நிமிடக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். மூடியைத் திறந்ததும் தட்டு அசையாதபடி பூட்டுமுளையைச் செருகிய பிறகே போல்ட்டில் கை வைக்கலாம். கத்தி அமரும் தளத்தில் ஒட்டிய பிசினையும் தூளையும் சுரண்டி எடுப்பது பலர் தவறவிடும் வேலை. அங்கே மெல்லிய ஏடாக அழுக்கு இருந்தாலும் கத்தி சாய்ந்து உட்காரும். போல்ட் ஒருபக்கமாக இழுபடும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். நீளமான பைப்பைச் செருகித் தொங்கி இறுக்குவது போல்ட்டை நீட்டிவிடும். சிறிது நேரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைப் பார்ப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். கத்தி போல்ட்டுக்கும் ஆயுள் உண்டு. பழைய போல்ட்டையே காலமெல்லாம் போடக் கூடாது.

தீட்டுவதற்குக் கத்திகளைத் தொகுப்பாகவே அனுப்ப வேண்டும். எதிரெதிர்க் கத்திகளின் எடை மாறினால் தட்டு சமநிலை இழந்து அதிரும். தீட்டுக் கல்லில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று. அந்தக் கத்தி பார்வைக்குக் கூராக இருந்தாலும் அரைநாள் தாங்காது. தீட்டத் தீட்டக் கத்தியின் அகலம் குறையும். குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே போனதை விலக்கிவிட வேண்டும். காகித ஆலைகளில் இந்தத் தேய்வை ஈடுகட்ட, கத்தியின் பின்புறம் பாபிட் என்னும் மென்னுலோகத்தை உருக்கி வார்த்து வெளிநீட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் முறை நெடுநாள் இருந்தது.

வழக்கமான பழுதுகள்

சிப்பர் சூடேறி நிற்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர். மரத்தூள் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அதன் தகடுகளுக்கிடையே களிம்பாகப் படியும். உள்ளிருந்து வெளியே காற்றடித்தால் வரும். வெளியிலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் அமரும்.

இழுப்பு உருளைகள் சுழல மறுத்தால் பலர் ஹைட்ராலிக் பம்ப்பைச் சந்தேகித்துக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் தட்டின் சுற்றை எண்ணும் உணரியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் உரிய சுற்றை எட்டாதவரை உருளைக்கு எண்ணெய் விடாமல் தடுப்பது இந்த உணரிதான். அதன் இடைவெளி அதிர்வில் நகர்ந்திருந்தாலோ, கம்பி உரசி அறுந்திருந்தாலோ, இயந்திரம் முழு வேகத்தில் ஓடினாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி அது நின்றிருப்பதாகவே நினைக்கும். உருளை சுழன்றும் இழுவை இல்லையென்றால், பற்கள் தேய்ந்திருக்கலாம். அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அழுத்த நிவாரண வால்வு கசியலாம். பம்ப்பின் முறை இவற்றுக்குப் பிறகு.

பெல்ட் வழுக்கினால் கருகிய நாற்றமும் கறுத்த தூளும் தெரியும். பல பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது முழுச் சுமையையும் தாங்கி விரைவில் போகும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தட்டின் பேரிங்குக்குக் கிரீஸ் குறைவதும் கேடு, அளவு மீறுவதும் கேடு. மிகுந்த கிரீஸ் உள்ளேயே கடைபட்டுச் சூடேறும்.

வாங்குதல்

சிப்பரின் அளவு அது விழுங்கும் கட்டையின் விட்டத்தால் சொல்லப்படுகிறது: 6 அங்குலம், 9, 12, 15, 18. இது உச்ச அளவு. 12 அங்குல இயந்திரம் 12 அங்குலக் கட்டையை நாள் முழுக்கத் தின்பதற்குச் செய்யப்பட்டதல்ல. வளைந்த கிளையும் கவைக் கிளையும் மிகுந்த மரங்களைக் கழிப்பவர், விட்டத்தைவிட வாயின் அகலத்தையும் மேலுருளை உயரும் அளவையும் கவனிக்க வேண்டும். கவையை ரம்பத்தால் அறுத்து அறுத்துப் போடும் நேரம் கூலியாகக் கரைகிறது.

வாங்குபவரின் தேவையைவிடச் சட்டம் அளவைத் தீர்மானித்த இடங்களும் உண்டு. பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்குப் பின் கார் உரிமம் பெற்றவர்கள், 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டியைப் பெரும்பாலான வேன்களோடு இழுக்கத் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. அதனால் 750 கிலோவுக்குள் அடங்கும் 6 அங்குலச் சிப்பர் அந்நாட்டில் ஒரு தனி இனமாகவே வளர்ந்தது. 2021 டிசம்பரில் விதி தளர்ந்தபோதும் அந்த இனம் போய்விடவில்லை. அமெரிக்காவில் டியர் 4 ஃபைனல் எனப்படும் புகை விதிகளால், 75 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டீசல் எஞ்சின்களில் யூரியா நீர்மம் ஊற்றும் ஏற்பாடு பெரும்பாலும் வந்தது. அதைத் தவிர்க்க 74 குதிரைத்திறனில் நிறுத்தப்பட்ட எஞ்சின்களும், பெட்ரோல் எஞ்சின்களும் சந்தைக்கு வந்தன. நாளெல்லாம் தூசியில் நின்று, அடிக்கடி வேகம் ஏறி இறங்கும் சிப்பருக்குப் புகைவடிகட்டி இல்லாத பெட்ரோல் எஞ்சின் பராமரிப்பில் எளியது. எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும்.

பழைய சிப்பரை வாங்குபவர் ஹவர் மீட்டரை மட்டும் நம்பலாகாது. மூடியைத் திறக்கச் சொல்லி, நிலைக்கத்தியின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். உருண்டிருந்தால் உரிமையாளர் மற்ற பராமரிப்பையும் அவ்வாறே செய்திருப்பார். கத்தி அமரும் பள்ளம் அரித்துக் குழிந்திருந்தால் செலவு கத்தியோடு நிற்காது. தட்டையே சீர்செய்ய வேண்டிவரும். தட்டின் கீழ் நெம்புகோல் கொடுத்து அசைத்தால் பேரிங் ஆட்டம் தெரியும். மூடியின் கீல், அதன் பூட்டு, இழுவைக் கொக்கியின் வெல்டிங் ஆகியவற்றில் புதுப் பெயிண்ட் மட்டும் பளிச்சிட்டால் அடியில் விரிசல் இருக்கலாம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். கடைசியாக, உலர்ந்த கடினக் கட்டை ஒன்றை உள்ளே விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. உதிரிபாகம் அருகில் கிடைக்காத இயந்திரம் எத்தனை மலிவானாலும் அதன் விலை அதிகம்தான்.

விபத்துகள்

அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை சிப்பர் விபத்துகளில் 31 தொழிலாளர்கள் இறந்தனர். கிளையோடு உள்ளே இழுக்கப்படுவது ஒரு வகை. மூடி சரியாகப் பூட்டப்படாமல் சுழலும் தட்டில் பட்டுப் பறந்து தாக்குவது மற்றொன்று. அகன்ற மணிக்கட்டுக் கையுறை, தொங்கும் கயிறு, இடுப்புப் பட்டை யாவும் கிளையில் மாட்டி ஆளை இழுக்கும். மரமேறும் கயிறு தழைக்கடியில் கிடந்து சிப்பருக்குள் போய், மறுமுனையில் கட்டியிருந்தவரை இழுத்த நிகழ்வுகளும் உண்டு. கிளையின் அடிமுனையை முதலில் விட்டு, உருளை பிடித்ததும் பக்கவாட்டில் விலகி நிற்பதே முறை. குறுந்துண்டுகளைக் கையாலோ காலாலோ தள்ளக் கூடாது. நீண்ட கிளையால் தள்ள வேண்டும், அல்லது நேராக லாரியில் எறிந்துவிட வேண்டும். வாயின் விளிம்பிலுள்ள நிறுத்துக் கம்பியை ஒவ்வொரு நாள் காலையிலும் அமுக்கிச் சோதிப்பது வேலைத்தலைவரின் கடமை. அது வேலை செய்யாத இயந்திரத்தை ஒருநாள் கூட ஓட்ட விடலாகாது.

இன்றைய நிலை

மிச்சிகனில் 2002இல் ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகத நிற வண்டு கண்டறியப்பட்டபின், தாக்குண்ட மரத்தை இரு பரிமாணங்களில் 1 அங்குலத்துக்கும் சிறிய சில்லாக்கினால் வண்டு பிழைக்காது என்ற அளவுகோல் அமெரிக்கத் தடுப்பு விதிகளில் இடம்பெற்றது. சில்லு மூடாக்காகவும் கொதிகலன் எரிபொருளாகவும் போகிறது. மின்கலத்தில் ஓடும் சிப்பர்கள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்துள்ளன. தமிழ்நாட்டில் டிராக்டர் எஞ்சினின் சக்தியை வெளியே தரும் பி.டி.ஓ. தண்டில் இணைத்துத் தென்னை மட்டையைத் தூளாக்கும் கருவிகள் தோப்புகளில் பரவியுள்ளன. நீண்ட நாரும் மணல் தூசியும் கொண்ட மட்டை, கத்தியை மரக்கிளையைவிட விரைவில் மழுக்குகிறது; தண்டில் சுற்றும் நாரை நாள்தோறும் அறுத்தெடுக்காவிட்டால் அது பேரிங்கின் சீலுக்குள் புகுந்துவிடும்.